மூன்று விரலில் பத்து ரூபிள்

கபா என்று எல்லாரும் கூப்பிடும் கபிடோலினாவுக்கு வலக்கையில் மூன்று விரல்கள்தான். மற்ற இரண்டும் பதினைந்து வயதில், உலகப்போரின்போது, பீரங்கிக் குண்டு கடையும் பட்டறையில், லேத்துக்குள் போயின. உயரம் போதாமல் மரப்பெட்டிமேல் ஏறி நின்று வேலை பார்த்தாள். பெட்டி ஆடியது. அவளுடைய மகன் அர்காதி கொதிகலன் பொறியாளர். ஓய்வு பெறும்வரை விபத்துகளுக்குக் காரணம் கண்டு அறிக்கை எழுதியவர். இந்த விபத்துக்குப் பெட்டி ஆடியது என்பதற்குமேல் ஒரு காரணமும் அவருக்குக் கிடைக்கவில்லை.

அந்த லேத் முதலில் கபாவின் அக்கா கிளாஷாவுடையது. அக்காவுக்கு இரவு வேலை, தங்கைக்குப் பகல் வேலை. இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஜோடி கம்பளிப் பூட்ஸ். ரஷ்யாவின் உரால் மலைப் பக்கத்துக் குளிரில் வெறுங்காலோடு தெருவில் நடக்க முடியாது. அதனால் வேலைக்கு வருகிறவள் பூட்ஸில் வருவாள். வாசலுக்கு உள்ளே கழற்றி, வீட்டுக்குப் போகிறவளிடம் கொடுப்பாள். பட்டறைக்குள் காலில் கந்தல் சுற்றிக்கொண்டால் போதும். ஒரு காலை கபா பூட்ஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காத்து நின்றாள். அக்கா வரவில்லை. நின்றபடியே தூங்கி லேத்தின் மேல் விழுந்திருந்தாள். சாக்கு போட்டு மூடியிருந்தார்கள்.

"அழுறதெல்லாம் சாயங்காலம் அழு," என்றார் மேஸ்திரி. "மெஷின் இன்னும் சூடாத்தான் இருக்கு. ஏறி நில்லு."

ஏறி நின்றாள்.

இதை மகனிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். "அன்னிலேர்ந்து பூட்ஸு எனக்கே எனக்குடா."

அவளுக்குத் தொண்ணூற்றைந்து நடக்கும்போது, போர்க்கால உழைப்புக்காக நகரத்துக்கு அரசாங்கம் ஒரு பட்டம் கொடுத்தது. கூடவே பத்து ரூபிள் நாணயம் ஒன்றும் அடித்தது. அதில் நகரத்தின் பெயர் இருந்தது. போர் வெற்றி நாளன்று, உயிரோடு இருக்கும் பழைய தொழிலாளிகளுக்கு மேடையில் வைத்துத் தருவார்கள் என்று வானொலி சொன்னது. நேரில் வரவேண்டும்.

"எனக்கு அது வேணும்," என்றாள் அம்மா. "கிளாஷா படத்துக்கு முன்னாடி வைக்கணும். அவளுக்குன்னு யாரும் ஒண்ணும் குடுத்ததில்ல."

வீடு ஐந்தாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அர்காதியும் கீழ்வீட்டு ருஸ்தமும் அவளைச் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள்.

"கபா அத்தை, நீங்க ராணி, நாங்க குதிரை," என்றான் ருஸ்தம்.

"குதிரைக்கு இப்பவே மூச்சு வாங்குதே. தொப்பையைக் குறைடா."

மே மாதமாகியும் பனி தூறியது. முதியவர்களை மேடையில் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் வரத் தாமதமானதால் பேச்சுகள் நீண்டன. பிறகு ஒவ்வொருவர் கையிலும் சிவப்புப் பெட்டியை வைத்துப் படம் எடுத்தார்கள். கபிடோலினா பெட்டியைத் திறந்தாள். நாணயத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

நகராட்சிப் பெண் ஸ்னெஜானா குனிந்தாள். "கபிடோலினா யெகோரவ்னா, அதைக் கொடுத்துடுங்க. அது படத்துக்குத்தான். எங்ககிட்ட இருக்கிறதே கொஞ்சம் பெட்டி. அடுத்த பேட்டையிலயும் விழா இருக்கு."

"அப்ப எனக்கு?"

"வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம்."

"இதுவே போதும்."

ஸ்னெஜானா சுற்றிலும் பார்த்துச் சிரித்துக்கொண்டே அந்த மூன்று விரல்களையும் ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். "யப்பா, என்ன பிடி! சும்மாவா, டாங்கி செஞ்ச கையாச்சே!"

பின்வரிசை சிரித்தது.

"டாங்கி இல்ல," என்றாள் அம்மா. "குண்டு."

"விடும்மா," என்றார் பக்கத்தில் நின்ற அர்காதி. "எல்லாரும் பாக்குறாங்க."

அவள் மகனைத்தான் பார்த்தாள். கை திறந்துகொண்டது.

அடுத்த நாள் இருமல் வந்தது, பிறகு காய்ச்சல். நகராட்சியிலிருந்து யாரும் வரவில்லை. அர்காதி நேரில் போனார். பட்டியலில் இருக்கிறது, வரும் என்றார்கள். வங்கியில் கேட்டார், வந்ததெல்லாம் புழக்கத்துக்குப் போய்விட்டது என்றார்கள். ஒருநாள் மருந்துக்கடையில் மீதிச் சில்லறையோடு அதே மாதிரி நாணயம் ஒன்று வந்தது. ஓரத்தில் கீறல். சட்டையில் தேய்த்துத் துடைத்தார். மாடிப்படி ஏறும்போதே பொய்யைத் தயார் செய்தார்.

"அம்மா, வந்துடுச்சு. அந்தப் பொண்ணே கொண்டுவந்து கொடுத்தா."

"எப்ப?"

"நீ தூங்கிட்டிருந்தப்ப."

"படம் எடுத்தாளா?"

"இல்ல."

"படம் எடுக்காம அவங்க குடுப்பாங்களாடா?" இருமல் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். "உங்கப்பனுக்கும் பொய் சொல்ல வராது. கொண்டு போ. ரொட்டி வாங்கிட்டு வா. கறுப்பு ரொட்டி."

"கிளாஷா பெரியம்மா படத்துக்கு முன்னாடி வைக்கணும்னு சொன்னியே?"

"கடைச் சில்லறையை வெச்சு அவளை ஏமாத்தச் சொல்றியா?"

"இதுக்கு அரை ரொட்டிகூட வராதும்மா."

"கால் ரொட்டி வாங்கு."

கால் ரொட்டி யாரும் விற்பதில்லை. அர்காதி கூடக் காசு போட்டு முழு ரொட்டியாக வாங்கினார். அந்த நாணயம் கல்லாப்பெட்டிக்குள் விழுந்து மற்றக் காசுகளோடு கலந்தது. அம்மா ஓரத்தில் ஒரு துண்டைப் பிய்த்து நெடுநேரம் மென்றாள். மிச்சத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே போய்விட்டாள்.

கோடைக்கால முடிவில் தொலைபேசி அடித்தது. குரல் உற்சாகமாக இருந்தது.

"கபிடோலினா யெகோரவ்னா வீடுதானே? நகராட்சியிலேர்ந்து பேசறோம். நினைவு நாணயம் வந்திருக்கு! நகர தினத்தன்னிக்கு மேடையில கொடுக்கிறோம். நேர்ல வந்துடுவாங்கல்ல?"

"இறந்துட்டாங்க."

"ஐயோ, ஆழ்ந்த அனுதாபங்கள்." காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "அந்தப் பட்டறையில வேலை செஞ்சவங்க வேற யாராவது உயிரோட இருக்காங்களா? மேடையில ஒரு நாற்காலி காலியா இருக்கும்."

"இல்ல," என்றார் அர்காதி.

"சரி," என்றது குரல். தொடர்பு துண்டிக்கப்பட்டது.