பச்சை எரிந்தது, சிவப்பு எரியவில்லை

இரண்டு கிழமைக்கு முன் முல்லைத்தீவில் நஸீரா வீட்டுக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் படித்தவர். கணவர் றியாஸுடன் சேர்ந்து கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்றை வீட்டிலேயே செய்திருக்கிறார். சூட்டுக்கு பல்புகள்; அவற்றை ஆள மைக்ரோ கன்ட்ரோலர் என்ற குட்டிக் கணினி. உள்ளே அயலவர்கள் நம்பிக் கொடுத்த முட்டைகள்.

ஆசையில் கதவைத் திறந்து பார்த்து மூடினேன். அவ்வளவுதான்... சூடு இறங்கியது, பல்புகள் எரியவில்லை!

"ஐயோ, நான் ஏதும் செய்துபோட்டனோ?"

"பயப்படாதேங்கோ அக்கா. என்ர புரோகிராமிலதான் எங்கயோ பிழை."

நாமாக இருந்தால்? யார் தலையில் போடலாம் என்றல்லவா முதலில் தேடியிருப்போம்! நஸீரா கணவர் பக்கம் திரும்பினார். "நீங்கள் சூட்டைப் பாத்து பல்பைக் கையால போட்டுப் போட்டு நிப்பாட்டுங்கோ. முட்டை ஆறக்கூடாது." பிறகு லேப்டாப்போடு உட்கார்ந்துவிட்டார்.

கதவு திறந்தால் கன்ட்ரோலருக்கு 'இன்டரப்ட்' என்ற குறுக்கீட்டு அழைப்பு ஒன்று போகும். கன்ட்ரோலர் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு, 'கோல்பேக்' என்ற சிறு பகுதியை ஓட்டி முடித்துத் திரும்ப வேண்டும். நஸீரா இரண்டு குட்டி விளக்குகளைப் பொருத்தினார் — கோல்பேக் தொடங்கும்போது பச்சை, முடியும்போது சிவப்பு.

கதவைத் திறந்தோம். பச்சை எரிந்தது. சிவப்பு? காத்திருந்தோம்... இல்லை.

"உள்ளுக்குப் போனது வெளியில வரேல்லை!" என்று கைதட்டினார். தன் பிழை அகப்பட்டதற்கு இப்படி ஒரு சந்தோஷமா?

வரிவரியாகப் பார்த்தார். கதவு திறந்தால் தன் போனுக்குச் செய்தி போகட்டும் என்று புதிதாகச் சேர்த்த வரி அதற்குள் இருந்தது. செய்தி போய்விட்டது என்ற பதில் வரும்வரை அது காத்திருக்கும். அந்தப் பதிலும் இன்டரப்டாகத்தான் வரவேண்டும்! முதலாவது முடியாமல் இரண்டாவதற்கு இடமில்லை. இரண்டாவது வராமல் முதலாவது முடியாது. கன்ட்ரோலர் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ள, பல்பைப் போட ஆளில்லை.

"கோல்பேக்குக்குள்ள நிண்டு கதைக்கப்படாது அக்கா. கதவு திறந்திட்டுது எண்டு குறிச்சிட்டுத் திரும்பவேணும். செய்தியைப் பிறகு ஆறுதலா அனுப்பலாம்."

மாற்றினார்; செய்தி போகிறதா என்று பார்க்க என் போன் நம்பரையும் சேர்த்தார். பச்சை, உடனே சிவப்பு. பல்புகள் எரிந்தன. வியர்த்து வழிந்த றியாஸ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நேற்று அவர்தான் அழைத்தார். "குஞ்சுகள் வந்திட்டுது அக்கா! ரெண்டு மூண்டு முட்டைதான் பொரிக்கேல்லை."

சோதனைக்காகச் சேர்த்த என் நம்பரை நீக்க நஸீரா மறந்துவிட்டார். முல்லைத்தீவில் கதவு திறந்தால், கிளிநொச்சியில் என் வீட்டில் போன் கத்துகிறது. நம்பரை நீக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை!