அக்காவுக்காகப் போட்ட பூட்டு

அந்த மருத்துவமனையின் கணினிகளைப் பார்த்துக்கொண்டவருக்குப் பூட்டுக்காரர் என்று பட்டப்பெயர். அப்டேட் என்றாலே மனிதருக்குப் பயம். அந்தக் கணினிகளை இயக்கும் லினக்ஸில் ஒரு மென்பொருளை மட்டும் பூட்டி வைக்கலாம். மற்றவையெல்லாம் புதுசாக மாறினாலும் அது பழையபடியே கிடக்கும். எப்போதோ ஒரு அப்டேட் கதிர்வீச்சு இயந்திரத்தை முடக்கி, நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வைத்ததிலிருந்து இந்தப் பயம். ஆனாலும் ஒழுங்கானவர். பூட்டுவார், புதியதை வேறொரு கணினியில் ஓட்டிப் பார்ப்பார், பிறகு திறந்துவிடுவார்.

அவருடைய அக்காவுக்குத் தொண்டையில் புற்றுநோய்க் கட்டி வந்தது. தாய் போனபின் அவரைத் தூக்கி வளர்த்தவள். அதே இயந்திரத்தின் அடியில் தினமும் படுக்க வேண்டும். நடுவில் நின்றால் கட்டி மறுபடி தலைதூக்கிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கே தம்பி அந்த இயந்திரத்தை இயக்கும் கணினியில் எல்லா மென்பொருளையும் ஒன்றுவிடாமல் பூட்டினார்.

கூட வேலை பார்த்த பெண் வந்து நின்றாள். "சார், பாதுகாப்பு ஓட்டைய அடைக்கிற அப்டேட் வந்திருக்கு. இத மட்டுமாவது விடலாமே?"

"அக்காவுக்கு முடியட்டும்மா. அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது."

"நான் சோதிச்சுப் பாத்துட்டேன் சார். ஒண்ணும் ஆகல."

"உங்க அக்கா படுத்திருந்தா தெரியும்."

அவள் தன் இடத்துக்குத் திரும்பினாள். இந்த இடத்தில்தான் அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. இத்தனை வருஷம் கட்டிக்காத்த ஒழுங்கை, வேண்டிய ஒரே நேரத்தில் காற்றில் விட்டாரே!

அந்த ஓட்டை வழியாக எவனோ புகுந்தான். சிகிச்சைத் திட்டங்கள் நகல்களோடு அழிந்தன. இயந்திரம் வாரக்கணக்கில் நின்றது.

அக்கா வழக்கம்போல் வந்து நடைபாதையில் உட்கார்ந்து, கரகரத்த குரலில் மற்றவர்களைத் தேற்றுவாள். "கவலப்படாதீங்க. உள்ள என் தம்பிதான் பாத்துக்குறான்." அவரைக் கண்டால், "சாப்பிட்டியாடா? முகமே வாடிக் கிடக்கு" என்பாள். உண்மை நாக்கு நுனிவரை வரும். சொல்லாமல் நகர்ந்துவிடுவார்.

இயந்திரம் சரியாவதற்குள் கட்டி பெருத்துவிட்டது. இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்றார் டாக்டர். அதுவும் கொஞ்ச காலந்தான் தேவைப்பட்டது.

பிறகு ஒரு நாள் காலை, புதுக் கணினிக்கு அடுத்த அப்டேட் வந்தபோது அந்தப் பெண் பூட்டு எதுவும் போடாமல் அதை ஓட விட்டாள். அவர் பின்னால் நின்று பார்த்தார். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்தது. எதுவும் கெடவில்லை.

"சார், இன்னைக்கு முதல் ஆளக் கூப்பிடட்டுமா?"

அவர் பழக்கத்தில் நடைபாதையை எட்டிப் பார்த்தார். அக்கா உட்காரும் நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்கள்.