இரண்டு தட்டு, பிறகு ஒரு தட்டு

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும், எனக்கொரு நஷ்டமும் கிடையாது. இது இசோபேவுக்கு நடந்தது. சகாதா ஊரில் அவரும் நானும் ஒரே பணிமனையில் பஸ் ஓட்டுகிறோம். இருபத்தேழு வருடமாக ஸ்டியரிங் பிடித்த மனிதர். பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். நான் வேண்டுமென்றே மூன்று முறை மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் ஒரு நிமிடம்கூட முன்னே பின்னே இல்லாமல் அதே நேரங்களைச் சொன்னார். பஸ் ஓட்டுகிறவனுக்கு எது மறந்தாலும் கடிகாரம் மறக்காது.

முதலில் அவர் வீட்டுக் கழிப்பறைத் தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது உடைந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. "எங்க வீட்டுக்காரரு தாழ்ப்பாள் வாங்கப் போனவரு, இன்னும் கடைத்தெருவுலதான் நிக்கிறாரு" என்று அவர் மனைவி ஃபுமியே வருகிற போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் தட்டித்தானே ஆக வேண்டும்? எங்கள் பக்கத்தில் மூடிய கழிப்பறைக் கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவர் வாய் திறக்க மாட்டார், பதிலுக்குத் தட்டுவார். ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பதில் வராவிட்டால் காலி, திறந்துகொண்டு போகலாம்.

அந்த வீட்டில் பதில் சொல்ல ஆளுக்கொரு தட்டு. மகள் சிஹாரு நகத்தால் படபடவென்று மூன்று முறை தட்டுவாள். இசோபே இரண்டு தட்டு தட்டி, கொஞ்சம் விட்டு, இன்னொன்று தட்டுவார். டொக், டொக்... டொக். கதவுக்கு அந்தப் பக்கம் யார் என்று கேட்கவே வேண்டாம்.

சிஹாருவுக்கு இருபது வயது. மருந்தியல் படிக்க ஆசை. நுழைவுத் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தாள். போன வருடம் தேர்வுக்கு முந்தைய இரவு பொட்டுத் தூக்கம் இல்லை. காலையில் கணக்குத் தாளைப் பார்த்ததும் கண் இருட்டி, பாதி வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள். "இந்தத் தடவையும் இல்லன்னா சூப்பர் மார்க்கெட்ல பில் போடப் போறேன்பா. இனிமே உங்களைச் செலவு பண்ண விடமாட்டேன்" என்று அவளே சொல்லிவிட்டாள். அதனால்தான் இந்த முறை இசோபே விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே கனசாவாவுக்குப் போனார். அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பெண்ணை ஒரு ராத்திரி தூங்க வைக்க வேண்டும்.

பிப்ரவரி இருபத்து நான்கு. நல்ல பனி. ஸ்டேஷன் வாசலில் இசோபே வழுக்கி விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சத்தமே போடாமல் எழுந்தார். தேர்வெழுதப் போகிற பிள்ளையின் காதில் வழுக்குவது, விழுவது என்ற பேச்சே படக்கூடாது, தோல்விக்குச் சகுனம் என்பார்கள். சிஹாரு வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள். அவள் சிரித்தே மூன்று மாதம் ஆகியிருந்தது.

ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு மலிவான பிசினஸ் ஹோட்டல். பெயர் வேண்டாம். பத்தாவது மாடியில் அடுத்தடுத்து இரண்டு ஒற்றை அறைகள். 1007 அவருக்கு, 1008 அவளுக்கு. கட்டில், மேஜை, கெட்டில், வாசலை ஒட்டினாற்போல் குளியலறை. அதற்குள்ளேயே கழிப்பறையும். கைகால் நீட்டினால் சுவர் இடிக்கும். அந்தச் சுவரும் அட்டை போல மெல்லியது. அவள் இருமுவதுகூட இந்தப் பக்கம் கேட்டது.

"போனை அணைச்சு வச்சிடுறேன்பா. காலையில ஆறரைக்கு நானே எழுந்துக்குவேன். எழுப்பாதீங்க" என்றாள் சிஹாரு.

"பூகம்பமே வந்தாலும் எழுப்ப மாட்டேன், போ" என்றார் இசோபே.

பத்தரைக்கு அவரும் ஹோட்டல் கொடுத்த இரவு அங்கியை மாட்டிக்கொண்டு படுத்துவிட்டார்.

1:52. சிறுநீர் முட்டிக்கொண்டு விழிப்பு வந்தது. பாதித் தூக்கம். கண்ணைத் திறக்காமலே நாலு அடி நடந்து குளியலறைக் கதவைத் தட்டினார். பன்னிரண்டு வருடப் பழக்கம்.

டொக், டொக்.

உள்ளேயிருந்து பதில் தட்டு வந்தது.

"மன்னிக்கணும்" என்று முணுமுணுத்துவிட்டு, இசோபே திரும்பி வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். ஃபுமியே உள்ளே போனால் சீக்கிரம் வர மாட்டாள், பேப்பர் படிப்பாள். இவர் கொட்டாவி விட்டபடி காத்திருந்தார். ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்... நான்கு நிமிடம். ஜன்னல் வெளிச்சத்தில் மேஜை மேல் ஒரு கெட்டில் தெரிந்தது.

நம் வீட்டில் இந்தக் கெட்டில் ஏது?

தூக்கம் முழுவதும் கலைந்தது. இது வீடில்லை. ஹோட்டல். ஒற்றை அறை. கதவைப் பூட்டிக்கொண்டு படுத்தது அவர்தான். அவர் மட்டும்தான்.

கையை நீட்டிக் கட்டில் விளக்கைப் போட்டார். குளியலறைக் கதவு மூடியிருந்தது. கதவின் அடியில் வெளிச்சம் இல்லை. உள்ளே யார் இருந்தாலும் இருட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வெளியே ஓடிவிடலாம். ஆனால் அறையின் வாசலுக்குப் போக அந்தக் கதவை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். கத்தலாம். கத்தினால் சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவள் விழித்துக்கொள்வாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டார். குழாயாக இருக்கும், வெந்நீர்க் குழாய் இப்படித்தான் சத்தம் போடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

2:14.

டொக், டொக்.

இவர் தட்டவில்லை. உள்ளேயிருந்துதான் தட்டு வந்தது.

அது இப்போது கேட்கிறது. வெளியே ஆள் இருக்கிறதா?

இசோபே மூச்சுவிடவில்லை. பதில் தட்டவில்லை.

பத்து விநாடி போயிருக்கும். கதவின் கைப்பிடி கீழே இறங்கியது. மெதுவாக... சத்தமில்லாமல்...

பதில் இல்லையென்றால் காலி. காலி என்றால் திறக்கலாம்.

அது புரிந்ததும் மேஜைப் பக்கம் தாவினார். மேஜைப் பலகையை விரல் முட்டியால் அவசரமாகத் தட்டினார்.

டொக், டொக்... டொக்.

கைப்பிடி நின்றது. மெதுவாக மேலே ஏறியது.

2:21. மறுபடியும் தட்டு. இவர் பதில் தட்டினார். டொக், டொக்... டொக்.

2:26. மறுபடியும். பதில் தட்டினார்.

2:29. மறுபடியும்.

ஏழு நிமிடம், ஐந்து நிமிடம், மூன்று நிமிடம். கூட்ட நேரத்து பஸ் போல இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. இவர் கண் கைப்பிடியைவிட்டு நகரவில்லை. முட்டித் தோல் சிவந்து எரிந்தது. சிறுநீர் எப்போது போனது என்றே தெரியவில்லை, அங்கி நனைந்திருந்தது. இதை அவர் என்னிடம் வெட்கப்படாமலே சொன்னார்.

2:50.

டொக், டொக்...

இவர் பதிலுக்குக் கையைத் தூக்கினார்.

...டொக்.

கை அப்படியே நின்றது.

அது இவருடைய தட்டு.

அதே அழுத்தம். அதே இடைவெளி. அவரே உள்ளே உட்கார்ந்து தட்டியது போல.

ராத்திரியெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி, அதற்கு அவரே கற்றுக்கொடுத்திருந்தார்.

பிறகு சத்தமே இல்லை. 2:55. 3:00. 3:05. போய்விட்டது என்று நினைத்தார். எங்கே போயிருக்கும் என்று நினைக்கவில்லை.

3:11.

சுவருக்கு அந்தப் பக்கம்...

1008-இல்...

டொக், டொக்... டொக்.

உடனே, நகத்தால், படபடவென்று மூன்று தட்டு.

சிஹாரு பதில் சொல்கிறாள்.

இசோபே ஓடினார். குளியலறையைத் தாண்டும்போது பார்த்தார். மூடியிருந்த கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. நிற்கவில்லை. 1008 வாசலுக்குப் போய்த் தட்டக் கையை ஓங்கினார்.

பாதித் தூக்கத்தில்தான் பதில் தட்டியிருப்பாள், இவர் தட்டினால் முழுக்க எழுந்துவிடுவாள். எழுந்தால் இனித் தூங்க மாட்டாள். போன வருடத்து வெள்ளைத் தாள் கண்முன் வந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது... இவர் தட்டி, பதில் தட்டு அவளுடையதாக இல்லாவிட்டால்?

கையை இறக்கினார். கதவில் காதை வைத்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளே சீராக மூச்சு விடும் சத்தம் கேட்டது. நன்றாகத் தூங்குகிற மூச்சு. ஒரே ஒரு மூச்சுதான் கேட்கிறதா என்று எண்ணி எண்ணிப் பார்த்தார்.

விடியும்வரை அந்த வாசலிலேயே, ஈர அங்கியோடு, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 5:40-க்கு எதிர் அறையிலிருந்து ஒரு மனிதர் காபி மெஷினுக்குப் போக வந்தார்.

"உங்க வீட்டுப் பிள்ளைக்கும் பரீட்சையா? நம்ம பாடுதான் திண்டாட்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார். இசோபேவுக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போல் இருந்தது.

6:50, காலைச் சாப்பாடு. சிஹாருவின் முகம் தெளிந்திருந்தது. சோற்றை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டாள்.

"தேங்க்ஸ்பா."

"எதுக்கு?"

"ராத்திரி தட்டினீங்களே. மூணு மணி வரைக்கும் புரண்டுக்கிட்டே இருந்தேன், மறுபடியும் போச்சுன்னு அழுகையே வந்துடுச்சு. அப்ப உங்க தட்டு கேட்டுச்சு. அப்பா பக்கத்துலதான் இருக்காருன்னு நினைச்சேன் பாருங்க, அடுத்த நிமிஷம் தூங்கிட்டேன்."

இசோபே மிசோ சூப் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"எங்கேருந்து கேட்டுச்சு?"

"என்னப்பா இது? உங்க பாத்ரூம்ல இருந்துதானே தட்டினீங்க. என் பாத்ரூமுக்கு உள்ளேயே கேட்ட மாதிரி இருந்துச்சு."

ஒன்பதரைக்குத் தேர்வு. அவள் கண்ணில் ஒரு வருடமாக இல்லாத துணிச்சல் இருந்தது. உண்மையைச் சொன்னால் அது அந்த நிமிடமே போய்விடும்.

"ஆமா, நான்தான்" என்றார் இசோபே.

காது சிவந்தது. அவள் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

அவளைத் தேர்வு நடக்கும் இடத்தில் விட்டுவிட்டு வந்து, பெட்டிகளை எடுத்துக்கொண்டு சாவிகளைக் கொடுக்கப் போனார். வரவேற்பில் கிஜிமா என்று பெயர் குத்தியிருந்த நடுவயது ஆள் நின்றிருந்தார்.

"1007-ல அந்த பாத்ரூம்..." என்று இசோபே ஆரம்பித்தார்.

கிஜிமாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "பதில் தட்டினீங்களா சார்?"

"தட்டாம? தட்டலன்னா திறக்குதே!"

"திறக்கும் சார். கொஞ்ச நேரம் கழிச்சு மூடிக்கும். அவ்வளவுதான். தட்டாதவங்களுக்கு அதுக்கு மேல ஒண்ணும் நடந்ததில்ல."

"தட்டினவங்களுக்கு?"

கிஜிமா இடுப்பு வளைய வணங்கினார். நிமிரவே இல்லை. பின்னால் வரிசை நின்றதால் இசோபே நகர வேண்டியதாயிற்று.

ஊருக்குத் திரும்பிய அன்றே தாழ்ப்பாள் வாங்கிப் பொருத்தினார். "இன்னைக்கு மழை கொட்டப் போகுது" என்று ஃபுமியே கேலி செய்தாள். ஒரு மாதம் இசோபே கழிப்பறைக் கதவை மூடவே விடவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. எந்தக் கதவும் தானாகத் தட்டவில்லை. மார்ச்சில் முடிவு வந்தது. சிஹாரு தேறிவிட்டாள்! பணிமனையில் எங்கள் எல்லோருக்கும் அவர் செலவில் பீர். குடித்துவிட்டு அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஏப்ரலில் அவள் கனசாவாவுக்குப் போய், கல்லூரிக்குப் பக்கத்தில் ஒற்றை அறை ஒன்றில் வாடகைக்கு இருந்தாள். மாற்றுச் சாவி ஒன்றை அப்பாவிடம் கொடுத்திருந்தாள்.

மே மாதம் ஒன்பதாம் தேதி, மாலை 7:25. இசோபே வறுத்த மீனும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஃபுமியேவின் போன் அடித்தது. ஃபுமியே கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அம்மா, அப்பா வர்றாருன்னு ஏன் நீ சொல்லவே இல்ல?" சிஹாருவின் குரலில் சிரிப்பு.

"யாருடி வந்தா?"

"நடிக்காதம்மா. காலேஜ்ல இருந்து வந்தேன், பாத்ரூம் மூடியிருந்துச்சு. பழக்க தோஷத்துல தட்டிட்டேன். உள்ள இருந்து அப்பா தட்டுறாரு. ரெண்டு தட்டு, அப்புறம் ஒரு தட்டு. அரை மணி நேரமா வெளியே வரலம்மா, வயித்துக்கு என்ன கொடுத்து அனுப்பினே?"

ஃபுமியே எதிரே உட்கார்ந்திருந்த கணவனைப் பார்த்தாள். இசோபே சுவரைப் பார்த்தார். மாற்றுச் சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சிஹாரு!" என்று கத்தினார். "அது நான் இல்லம்மா! அன்னைக்கும் நான் இல்ல..."

போனில் பதில் வரவில்லை. அவள் அதைக் கீழே வைத்துவிட்டிருந்தாள். தூரத்தில், தெளிவாக...

டொக், டொக்... டொக்.

கதவுப் பக்கம் நடந்துபோகும் செருப்புச் சத்தம்.

"இதோ வந்துட்டேன்பா..."