பக்கத்து வீட்டுப் பனி

நோர்வேயின் வடக்கே நாங்கள் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் பனிக்கும் சொந்தக்காரர் உண்டு என்பது போன வருடம் மார்ச் மாதம்தான் எனக்குத் தெரிந்தது. விடிய எழும்பிப் பார்த்தால் இடுப்பளவு பனி. என் மனுசன் சிவம் பனி அள்ளும் சவளைத் தூக்கிக்கொண்டு இறங்கி எங்கள் வாசலை வழித்தார். வழித்த கை நிற்கவில்லை. பக்கத்து வீட்டுத் தோர்ஸ்டைன் எழுபதைத் தாண்டிய தனிக்கட்டை. பாவம் என்று இவர் அவருடைய வாசலையும் தபால் பெட்டிவரை வழித்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்க வந்து தேத்தண்ணி கேட்டார். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. வாசலில் தோர்ஸ்டைன், கையில் தன் சவளோடு. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று இவர் முகமெல்லாம் பல்லாகப் போய் நின்றார். "தக்," என்று நன்றி சொன்னார் தோர்ஸ்டைன். "ஆனால் அது என்னுடைய பனி." சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ர பனியாம்! அரிஞ்சு கறி வைக்கப் போறாராமோ? ஐயோ பாவம் எண்டால் ஆறு மாதப் பாவம் பிடிக்கும் எண்டு சும்மாவே சொன்னவை!" மத்தியானச் சாப்பாடு வரைக்கும் அதே புறுபுறுப்புத்தான்.

இவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. இவருடைய ஊரான கிளிநொச்சி உருத்திரபுரத்தில் யாரும் கேட்டுவிட்டு உதவுவதில்லை. வரம்பு உடைந்தால் பக்கத்து வயல்காரர் மண்வெட்டியோடு நிற்பார்; "உதவி வேணுமோ?" என்று கேட்டால் அதுதான் அவமரியாதை. அந்த மண்ணில் வளர்ந்தவர் வெளிநாடு வந்தபிறகும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பாரா? இவருக்கென்று அங்கே ஒரு தம்பி இருந்தான், குகன். நல்ல பிள்ளை, நல்ல கமக்காரன், குடிகாரன். மூன்றும் உண்மை. யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பிவந்த காலத்தில் தொட்ட போத்தல், பிறகு கையைவிட்டு இறங்கவில்லை. இவர் அவனை இங்கிருந்தே தொலைபேசியால் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார். எங்களுக்கு விடியுமுன் தொலைபேசி அடித்து அவனை எழுப்புவார். விதைநெல் வாங்கினாயோ, பசளை போட்டாயோ என்று கேட்பார். எல்லாவற்றிலும் பெரிய வேலை தண்ணி முறை. மழையில்லாத சிறுபோகத்தில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் ஆளுக்கொரு முறையாக வரும். உங்கள் முறைக்கு நீங்கள் மண்வெட்டியோடு நின்று மடையை வெட்டிவிட வேண்டும். நிற்காவிட்டால் தண்ணீர் உங்களுக்காகக் காத்திராது, அடுத்த வயலுக்குப் போய்விடும். குகன் நிற்கமாட்டான், எங்கேயாவது படுத்திருப்பான். இவர் பக்கத்து வயல் செல்லையா அண்ணைக்கு அடிப்பார். "அண்ணை, தம்பிக்குச் சுகமில்லை, ஒருக்கா மடையை வெட்டி விடுங்கோ." செல்லையா அண்ணையும் வெட்டி விடுவார். வயல் பச்சைப்பசேலென்று நிற்கும். குகனும் படுத்தபடியே இருப்பான்.

சுகமில்லை என்றால் என்ன சுகமில்லை என்று ஊர் கேட்கும்தானே? இவர் ஒருமுறை டெங்கு என்று சொல்லிவிட்டார். மனுசனுக்குப் பொய்கூட அளவாகச் சொல்லத் தெரியாது. அன்று பின்னேரமே ஆளுக்கொரு போத்தலில் பப்பாளி இலைச் சாறு இடித்து எடுத்துக்கொண்டு அயல் முழுக்கக் குகன் வீட்டில். வெறி முறியாமல் படுத்திருந்தவனை நிமிர்த்தி, மூக்கைப் பிடித்துப் பருக்கியிருக்கிறார்கள். அடுத்த முறையும் டெங்கு. அதற்கடுத்த முறையும் டெங்கு. கடைசியில் செல்லையா அண்ணை இவரிடம் நேரே கேட்டார்: "தம்பி சிவம், ஊரிலை உள்ள நுளம்பெல்லாம் குகனை மட்டும் தேடிக் கடிக்குதோ? எங்கட வளவிலை பப்பாளியள் மொட்டையாய் நிக்குது."

இங்கே ஊராட்சி அலுவலகமான கொம்யூனில் குடிக்கிறவர்களின் வீட்டாருக்கென்று ஒரு கூட்டம் நடக்கும். தம்பிக்கு ஏதாவது மருந்து சொல்லுவார்கள் என்று இவர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வட்டமாகக் கதிரைகள், நடுவில் மெழுகுதிரி, பிளாஸ்கில் கோப்பி. இவர் முறை வந்ததும் எழும்பி நின்று விடியப்புறத் தொலைபேசி, தண்ணி முறை, டெங்கு எல்லாவற்றையும் நோர்வே மொழியில் விலாவாரியாகச் சொன்னார். கைதட்டுவார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். கூட்டத்தை நடத்திய பெண் மெதுவாகக் கேட்டார்: "உங்கள் தம்பி எப்போது தானாக எழும்புவார்?" இவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "நான் அடித்தால் எழும்புவார்." "நீங்கள் அடிக்காவிட்டால்?" "அடிக்காமல் விடுகிறதோ? நான் ஒரு நாளும் மறந்ததில்லை!" அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் மெழுகுதிரியைப் பார்த்தேன். வரும் வழியில் இவர் சொன்னார், "இந்தச் சனத்துக்குச் சகோதர பாசம் எண்டால் என்னெண்டு தெரியாதப்பா."

பிறகு ஜூன் மாதத்தில் குகனின் மனைவி மாலதி எனக்கு அடித்தாள். அழுது தீர்த்தபிறகு வரும் குரல் அது. ஈரல் பழுதாகத் தொடங்கிவிட்டது, இப்படியே குடித்தால் ஆள் தப்பாது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். கிளினிக்குக்குக் கூப்பிட்டால் குகன் சிரிக்கிறானாம். "எனக்கென்ன, வயல் விளையுதுதானே? அண்ணை பாப்பார்" என்கிறானாம். "அக்கா, அத்தானை ஒருக்காச் சும்மா இருக்கச் சொல்லுங்கோ. இவர் விழ முதலே அத்தான் பாயை விரிச்சுப் போடுறார். விழுந்தால் நோகுமெண்டு இவருக்கு எப்பிடித் தெரியும்?"

நான் சொன்னேன். இவர் கத்தினார். வயல் காய்ந்தால் மாலதியும் பிள்ளையும் என்ன செய்வதென்று கேட்டார். மாலதிதான் கேட்கிறாள் என்றேன்.

அடுத்த தண்ணி முறை வந்தது. அங்கே மத்தியானம், இங்கே நாங்கள் காலைப் பாண் தின்னும் நேரம். இவருடைய கைத்தொலைபேசியைப் பறித்து அரிசி வாளிக்குள் புதைத்து மூடினேன். மனுசனுக்குக் கை நடுங்கியது, வேர்த்தது, குசினிக்கும் யன்னலுக்கும் நடந்தார். குடியை விட்டவனுக்கு வரும் குணங்குறியெல்லாம் இவரில் கண்டேன். "ஒரேயொருக்கா அடிக்கிறன். இதுதான் கடைசி," என்றார். குகன் எத்தனையோ தரம் சொன்ன அதே வசனம்! அந்த நேரம் பார்த்து அரிசி வாளி மணியடித்தது. செல்லையா அண்ணைதான், வேறு யார்? மாலதி தடுத்திருப்பாள், மடையை வெட்டவோ விடவோ என்று கேட்க அடிக்கிறார். இவர் பாய்ந்து வந்தார். நான் வாளி மூடியின்மேல் ஏறிக் குந்திக்கொண்டேன். "எழும்பப்பா!" "மாட்டன்." எனக்குக் கீழே அது அடித்து அடித்து ஓய்ந்தது. இவர் அப்படியே நிலத்தில் இருந்து, "நெல்லுக் கதிர் வாற நேரமப்பா," என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அந்த வயலில் நானும் களை பிடுங்கியவள்தான்.

வயல் பாதிக்குமேல் பதராகிப் போனது. ஊர் எங்களைத் திட்டியது. குகன் வரம்பில் குந்தியிருந்து வெடித்த நிலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான் என்று மாலதி சொன்னாள். உடனே திருந்திவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அன்று பின்னேரம் நன்றாகக் குடித்தான். அண்ணன் கைவிட்டுவிட்டான் என்று ரோட்டில் நின்று ஒப்பாரி வைத்தான். ஆனால் அந்தக் கிழமையே, யாரும் எழுப்பாமல், சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளிநொச்சிக் கிளினிக்குக்குப் போனான். பிறகும் வழுக்கினான். திரும்பவும் போனான். தைப்பொங்கலுக்குப் பிறகு தொடவில்லை என்கிறாள் மாலதி. அதை அவள் மெதுவாகத்தான் சொல்வாள், கண்பட்டுவிடும் என்று.

இந்த மே மாதம் ஒரு விடியல் குகனே அடித்தான். "அண்ணை, இண்டைக்கு என்ர முறை. நானே போறன். நீங்கள் அடிக்க வேண்டாம், என்ன?" இவர் "ஓம், ஓம்" என்றார். தொலைபேசியை வைத்தபிறகு, "மண்வெட்டியை மறந்துபோடுவான்," என்றார். நான் அரிசி வாளியைப் பார்த்தேன். இவர் சவளை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மே மாதத்திலும் இங்கே பனி கொட்டியிருந்தது. இவர் எங்கள் வாசலை வழித்துக்கொண்டே போய், தோர்ஸ்டைனின் எல்லை வந்ததும் நின்றார். அந்தப் பக்கம் கிழவர் ஒரு சவள் அள்ளுவதும் இடுப்பைப் பிடிப்பதுமாக இருந்தார். இவர் கை துடித்தது; யன்னலில் நின்ற எனக்கே தெரிந்தது. பனியில் சவளை ஊன்றி, வரம்பில் நிற்கிறவரைப்போல நின்று கையை மட்டும் உயர்த்தினார். தோர்ஸ்டைனும் கையை உயர்த்தினார். நான் தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

"இப்ப மடை வெட்டியிருப்பான் என்ன?" என்றார்.

"ஓம்," என்றேன். எனக்கென்ன தெரியும்?