சூடு போகிற பக்கம்

எண்பதுகளின் தொடக்கத்தில் சவூதியில் இரண்டு வருடம் ஏசி கழுவினேன். தம்மாமில் ஒரு பழுது பார்க்கும் கடை. ஏஜென்சிக்காரன் சொன்னது துணிக்கடை வேலை. போய் இறங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஜன்னல் ஏசிகளின் முதுகில் அப்பிக் கிடக்கும் மணலைத் தண்ணீர் அடித்துக் கழுவி, காயவைத்து, மெக்கானிக்கிடம் தூக்கிக் கொடுக்க வேண்டும். நாங்கள் எட்டுப் பேர் படுத்த அறையில் ஒரு ஃபேன் மட்டும் சுற்றியது. கோடையில் கட்டிலை நனைத்துவிட்டுப் படுப்போம். தூக்கம் வந்தது.

புதிதாக வரும் அமெரிக்க ஏசிகள் சிலவற்றின் முகத்தில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருக்கும். நடுவில் பெரிதாக ஓர் எண். அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டின் இரு நுனியிலும் வேறு இரண்டு எண்கள். இடையில் ஓர் அம்புக்குறி. விலையுமல்ல, நிறையுமல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பல நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் கேரளத்து மெக்கானிக்கிடம் கேட்டேன். தின்கிற கரண்டுக்கு எவ்வளவு குளிர் தருகிறது என்ற கணக்கு அது என்றார். எண் பெரிதானால் தீனி குறைவு. கோட்டின் நுனிகளில் இருப்பவை அதே அளவு மெஷின்களில் மிக மோசமானதும் மிக நல்லதும். இந்தத் தாளை ஒட்டாமல் அந்த நாட்டில் விற்கக் கூடாதாம், சட்டமாம்.

ஒரு வீட்டுக்குள் நுழையும் முன்பே ‘நான் இவ்வளவு தின்பேன்’ என்று நெற்றியில் எழுதி வைத்துக்கொண்டு வரும் பொருளை நான் அதுவரை கண்டதில்லை. என்னை அனுப்பிய ஏஜென்சிக்காரனின் நெற்றியிலும் அப்படி ஒன்று ஒட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அன்றிலிருந்து எந்த ஏசி வந்தாலும் முதலில் அந்தத் தாளைத் தேடுவேன்.

ஊருக்குத் திரும்பி நான் சும்மா திரிந்த நாட்களில், தம்மாமில் லொறி ஓட்டிய என் கூட்டாளி லீவில் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள எங்கள் சாய்ந்தமருதுக்கு வந்தான். பெட்டியோடு ஒரு ஜன்னல் ஏசியையும் கொண்டுவந்திருந்தான். மஞ்சள் தாள் கிழியாமல் இருந்தது. தங்கைக்குக் கலியாணம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார், வீடு பெண்ணுக்கு. வாப்பா இல்லாத குடும்பம் என்பதால் அந்த வீட்டைக் கட்டி முடிக்கும் பொறுப்பு இவன் தலையில். பக்கத்து ஊரான சம்மாந்துறையில் மாப்பிள்ளை வீட்டாரிடம் ‘குளிர் அறை’ என்று ஏற்கெனவே சொல்லிவிட்டான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அவர்களுடைய பெண்கள் வீடு பார்க்க வருகிறார்கள். வாக்குப் பொய்த்தால் அவனால் சம்மாந்துறைப் பக்கம் தலைகாட்ட முடியாது.

“மச்சான், நீ ரெண்டு வருசம் இதத்தானே பாத்த. வந்து பூட்டித் தா” என்றான். கழுவியதற்கும் சுவரில் பொருத்திப் பூட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்லவில்லை.

அந்த அறைக்கு வெளிச்சுவர் ஒன்றுதான். அதற்கு அப்பால் பக்கத்து வீட்டுக் கிணறு. உளியை எடுத்ததுமே அவனுடைய உம்மா ஓடி வந்தார்.

“பொம்புளயள் குளிக்கிற பக்கம் ஓட்டை வெட்டுறயா? நாளைக்கு மாப்பிள்ள அதுக்குள்ளால பாக்குறாரெண்டு ஊர் கதைக்கவா?”

“உம்மா, ஓட்டைக்குள்ள மெசின் இரிக்கும். மெசினுக்குக் கண் இல்ல.”

“மெசினக் கழட்டினா?”

அவன் உளியை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தான். வீட்டின் நடுக்கூடமான ஹோல் பக்கத்துச் சுவரை வெட்டினோம். ஏசியின் முகம் அறைக்குள், முதுகு ஹோலுக்குள். ஹோல் பெரிது, சூடு ஓட்டு இடுக்கால் போய்விடும் என்று நான்தான் சொன்னேன்.

புதன்கிழமை காலை போட்டோம். பல்ப் ஒரு முறை மங்கித் தெளிந்தது. கூட்டாளி முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றான். ஒரு மணி நேரம் போனது, அறை குளிரவில்லை. இன்னொரு மணி நேரம் போனபோது முதுகில் சட்டை ஒட்டியது. ஹோல் நெல் அவிக்கும் கொட்டில் மாதிரி இருந்தது. கரண்டு மீற்றரில் தகடு பம்பரமாகச் சுற்றியது. மெஷின் ஒரு கணம்கூட நிற்கவில்லை.

கழற்றிப் பார்த்தேன். பழுது எதுவும் இல்லை. மெஷினின் வாயில் கை வைத்தால் குளிர்ந்த காற்றுத்தான் வந்தது. அங்கத்தைய கரண்டும் இங்கத்தைய கரண்டும் ஒரே துடிப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் மந்தமாக ஓடலாம். ஆனால் அறை முன்பிருந்ததைவிடச் சூடாவது எப்படி?

வியாழக்கிழமையும் அதே கதை. கூட்டாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். “ரெண்டு வருசம் லொறிக்குள்ள வெந்ததுடா மச்சான் இது.”

அப்போதுதான் உள் கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கலியாணப் பெண். பள்ளியின் கடைசி வகுப்பான ஏ.எல். வரை சயன்ஸ் படித்தவள். இப்போது வெளி ஆண்கள் முன்னால் வருவதில்லை. அவள் முகத்தை நான் கடைசிவரை பார்க்கவில்லை. அண்ணனை அழைப்பதுபோல் என்னைக் காக்கா என்று கூப்பிட்டாள்.

“காக்கா, அந்த மெசின் குளிர உண்டாக்குதா? இல்லாட்டி சூட்டத் தூக்கிட்டுப் போய் மத்தப் பக்கம் போடுதா?”

இரண்டு வருடம் கழுவிய எனக்கு அந்தக் கேள்வி வந்ததில்லை. யோசித்துவிட்டுச் சொன்னேன்: “தூக்கித்தான் போடுது தங்கச்சி.”

“எங்கெ போடுது?”

“ஹோல்ல.”

“மறுகா ஹோல்ல இருந்து எங்கெ போகுது?”

மேலே பார்த்தேன். எங்கள் ஊர் வீடுகள் எல்லாவற்றிலும் போல, உள்சுவர் ஓட்டுக்கு ஒரு முழம் கீழேயே நின்றிருந்தது. காற்றோட்டத்துக்காக விட்ட இடம். தம்மாமில் எல்லா அறைக்கும் கொங்கிறீட் மூடி. இப்படியொரு இடைவெளியை நான் நினைத்தே பார்க்கவில்லை.

உம்மாவிடம் சாம்பிராணிச் சட்டியைக் கொடுத்தனுப்பினாள். ஏசியின் முதுகுக்குப் பின்னால் பிடித்தேன். புகை எழும்பி, சுவரைத் தாண்டி, அறைக்குள் இறங்கியது. மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

“அந்த மஞ்சள் கடுதாசியத் தாங்க” என்றாள். அடித்து அழாத குறையாகக் கூட்டாளி அதை உரித்துக் கொடுத்தான். ஒட்டியிருந்தால்தானே புதுசு என்று நம்புவார்கள். சீலைக்குப் பின்னால் வாசிக்கும் சத்தம் கேட்டது. “இதுல அறைக்குள்ள வைக்கிற ஏசி எண்டு போட்டிரிக்கி. அறையெண்டா அவங்களுக்கு நாலு சுவரும் மேல மூடியும். நம்மட அறைக்கு மூடி இல்லையே. மூடி இல்லாத பானைக்கு இந்த நம்பர் என்ன செய்யும்?”

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. வெளிச்சுவரையே, ஆள் உயரத்துக்கு மேலே, வெட்டி ஏசியை அங்கே மாற்றினோம். கிணற்றைச் சுற்றித் தென்னோலைக் கிடுகு வேலி கட்டித் தருவதாக உம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லப் போனார். அந்த மனுசி வந்து, எங்கள் மெஷினை மேலும் கீழும் பார்த்தாள்.

“உங்கட ஏசி மூச்சு விடுறதுக்கு எண்ட கிணத்தடிதான் கெடச்சுதா மச்சி?”

“வேலி கட்டித் தாறங்கா, ஒண்டும் தெரியாது.”

“கட்டு, கட்டு. சூட்டுக் காத்து வருமாமே? மழைக்காலத்துலயும் போடச் சொல்லு. எனக்குத் தலை காயவைக்க நல்லம்.”

கலியாணத்துக்கு அறையின் மேலே வெள்ளைச் சீலை கட்டுவது எங்கள் வழக்கம். முதல் நாள் கட்ட வேண்டிய அந்த மேற்கட்டியை அன்றே கட்டினோம், அதற்கு மேலே பொலித்தீன் விரித்து. ஹோல் சுவரில் வெட்டிய ஓட்டையைக் கல் வைத்து அடைத்தோம். சுவருக்கும் சீலைக்கும் இடையே இருந்த சந்துகளில் உம்மாவின் பழைய சேலைகள் எல்லாம் போயின.

வெள்ளிக்கிழமை காலை மறுபடி போட்டோம். அரை மணியில் கால் குளிர்ந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம், மெஷின் அடங்கியது. கூட்டாளி துள்ளி எழும்பினான்.

“செத்துட்டுடா!”

“சாகல்ல. போதும் எண்டு ஓய்வெடுக்குது” என்று மீற்றரைக் காட்டினேன். தகடு ஊர்ந்து கொண்டிருந்தது.

அவனுக்கு மனம் ஆறவில்லை. “அவங்க வரக்குள்ள இது பேசாமக் கிடந்தா ஆரு நம்புவா? சத்தம் போட்டு ஓட வை மச்சான்.”

சீலைக்குப் பின்னால் தங்கை சிரித்தாள். “ரெண்டு நாளும் சத்தம் போட்டு ஓடிச்சுத்தானே. என்னத்தக் குளிராக்கின?”

ஜும்ஆ முடிந்து, ஏழெட்டுப் பெண்கள் வந்து இறங்கினார்கள். எல்லோரும் ஒன்றாகக் கதவடியில் நெருங்கினார்கள். கதவை விரியத் திறந்து வைத்துப் பார்ப்பதுதான் வீடு பார்க்கும் முறை. உம்மா குறுக்கே நின்று, முதலில் மாப்பிள்ளையின் தாயை மட்டும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். மற்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். உள்ளேயிருந்து மெஷின் சத்தம் கேட்கவில்லை, பேச்சும் கேட்கவில்லை. நானும் கூட்டாளியும் விறாந்தையில் நின்று வாசல் சீலைக்குள்ளால் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் உதடு ஓதிக்கொண்டிருந்தது.

கதவு ஒரு சாண் திறந்தது. முக்காட்டை இறுக்கிப் பிடித்த மாப்பிள்ளையின் தாய் எட்டிப் பார்த்தார்.

“போர்வை ஒண்டும் இல்லையாகா இந்த ஊட்டுல? எண்ட புள்ள இதுக்குள்ள எப்பிடிப் படுக்கிற?”

கூட்டாளி பெட்டியடிக்கு ஓடினான். தம்மாமிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் வாங்கி வருகிற, இந்தக் கரையில் ஒருவரும் போர்த்த முடியாத, புலிப் படம் போட்ட கம்பளியை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்து, கதவைத் தோளால் தள்ளி நீட்டினான். வாங்கியவர் அவனையோ புலியையோ பார்க்கவில்லை.

“கதவச் சாத்து மனே” என்றார், “குளிர் போகுது.”