வெண்ணியின் முடிவும் கோகிலனின் மீசையும்

கோகிலன் 1972-இல் மலேசியாவில், சிலிம் ரிவருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்தவர். தோட்டம் 1998-இல் கைமாறி, ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது. குடும்பம் ஈப்போவுக்குப் பெயர்ந்து புந்தோங்கில் குடியேறியது. பதினெட்டு வருடமாக அவர் ஈப்போவுக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் இடையே பஸ் ஓட்டுகிறார். காலை 6.40-க்குக் கிளம்பினால் தாப்பா, சிலிம் ரிவர் வழியாக 9.25-க்குத் தஞ்சோங் மாலிம். திரும்பும் பஸ் 11.30-க்கு. நடுவிலுள்ள இரண்டு மணி ஐந்து நிமிடம்தான் அவர் புத்தகம் படிக்கும் நேரம்.

படித்ததெல்லாம் பெரும்பாலும் ஒரே கதை. 'நீர்மதில்' என்ற மாயக்கதைத் தொடர், ஏழு பாகம். கடலைச் சுவராக நிறுத்தி அதற்குப் பின்னால் வாழும் ஒரு நாடு. அந்தச் சுவரைக் காக்கும் கூலிப்படையில் வெண்ணி என்றொரு பெண். முதல் பாகம் 2011-இல் வந்தது. அதிலிருந்து கோகிலனுக்கு வெண்ணி வீட்டுப் பெண் மாதிரி.

ஈப்போவில் இந்தத் தொடருக்கென்றே ஒரு வாசகர் வட்டம் உண்டு. பதினோரு பேர். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் கூடுவார்கள். அடுத்த பாகத்தில் என்ன நடக்கும் என்று ஆளாளுக்குச் சொல்ல, நில அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தவமணி அதை நோட்டில் எழுதி வைப்பார். அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அந்தப் பேச்சு அவர் நாக்கில் இன்னும் இருந்தது. நோட்டின்படி, கோகிலன் சொன்ன பதினோரு கணிப்பில் ஒன்பது பலித்திருந்தது. வேறு யாருக்கும் ஐந்தைத் தாண்டவில்லை.

ஆறாம் பாகம் இப்படி முடிந்தது: 'அன்று மாலை, மதிலடியில், வெண்ணியின் பேர் விழுந்தது.'

அதைப் படித்துவிட்டு வட்டத்தில் இரண்டு பேர் அழுதார்கள். வெண்ணி செத்துவிட்டாள் என்பது பத்துப் பேரின் முடிவு. 2022 அக்டோபர் 2-ஆம் தேதிக் கூட்டத்தில் கோகிலன் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி சிரிக்கிறீர்?" என்றார் தவமணி.

"அக்கா, நீங்கல்லாம் டவுன்ல பொறந்தவங்க. தோட்டத்துல காலைல பெரட்டுல வரிசையா நிப்பாங்க. கணக்கப்புள்ள கிராணி ஆள் கணக்கு எடுப்பாரு. வேலை முடிஞ்சதும் பேரு போடுவாரு. பேரு விழுந்துச்சுன்னா அன்னிக்கு வேலை செஞ்சாச்சு, சம்பளம் உண்டுன்னு அர்த்தம். இந்தக் கதை எழுதுனவங்களும் தோட்டத்து ஆளுதான், முன்னுரையில போட்டிருக்கு. வெண்ணி சாகலக்கா. வேலைக்கு வந்திருக்கா."

"விழுந்தது எண்டால் விழுந்ததுதான். அந்த மதிலை மூட ஒரு உயிர் வேணும். மூண்டாம் பாகத்திலயே சொல்லியாச்சு."

"கதை முடியறப்ப வெண்ணி உயிரோட இருப்பா. இல்லாட்டி என் மீசைய எடுத்துடறேன்!"

தமிழன் எவனும் வாழ்நாளில் நாலு தடவையாவது சொல்லும் சொல் அது. சொன்ன கையோடு மறந்தும்விடுவான். ஆனால் தவமணி அதையும் தேதி போட்டு எழுதிக்கொண்டார்.

மீசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1991-இல், பத்தொன்பதாம் வயதில் வைத்தது; இரு நுனியும் மேல் நோக்கி வளைந்தது. அன்று முதல் ஒரு நாளும் மழித்ததில்லை. 2009-இல் தாயார் இறந்தபோதுகூட, வழக்கப்படி இளைய மகன் தேவன்தான் கொள்ளி வைத்து மொட்டையும் மீசையும் எடுத்தான். தாய்க்கு இளையவன், தகப்பனுக்கு மூத்தவன். ஆகவே கோகிலனின் மீசை போவதென்றால், அது தகப்பன் அப்பாவு போகும் நாளில்தான். அப்பாவுக்கு எண்பத்து மூன்று வயது. ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். மகன் வீட்டில்தான் இருந்தார், நல்ல திடத்தோடு.

பந்தயம் வீட்டுக்குத் தெரிந்த அன்றே கோகிலனின் மனைவி துளசி கேட்டுவிட்டார். "மாமா உயிரோட இருக்கறப்ப மீசைய வச்சுப் பந்தயமா? உங்களுக்கு வேற எதுவும் கெடைக்கலையா?"

"நான்தான் ஜெயிப்பேன் லா. நீ ஏன் பயப்படற?"

ஏழாம் பாகம் 2024 ஏப்ரலில் வந்தது. கோகிலன் அதைத் தஞ்சோங் மாலிமில் ஆறு காலைப் பொழுதுகளில் படித்தார். இரண்டாம் பக்கத்திலேயே வெண்ணி எழுந்து வந்து, பேர் போட்ட கணக்கரிடம் கூலி கேட்டாள். கோகிலன் ஸ்டீரிங்கைத் தட்டிச் சத்தமாகச் சிரித்தார். ஐந்தாம் நாள்வரை முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது. ஆறாம் நாள், 398-ஆம் பக்கத்தில், உடைந்த மதிலை மூட வெண்ணி தண்ணீருக்குள் நடந்து போனாள். திரும்பவில்லை. அதற்குப் பின்னால் பதினான்கு பக்கம் இருந்தன. அவற்றை அவர் இரண்டு முறை படித்துப் பார்த்தார். 11.30 பஸ் அன்று நான்கு நிமிடம் தாமதம்.

மே 5-ஆம் தேதிக் கூட்டத்தில் அவர் உள்ளே வந்ததும், ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருக்கும் பவித்ரன் எழுந்து நின்றான்.

"அலாமாக்! மீசையோட வந்துட்டீங்களே அண்ணே!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. தவமணி நோட்டைத் திறந்தார். "பேர் விழுந்ததுக்கு நீர் சொன்ன அர்த்தம் சரி தம்பி. நாங்கள் பத்துப் பேரும் பிழை. அதையும் எழுதிப் போட்டன். ஆனால் நீர் பந்தயம் கட்டினது சொல்லுக்கில்லை, முடிவுக்கு."

"தெரியும்க்கா."

"அப்பா இருக்கிறார்தானே?"

"இருக்காரு."

தவமணி பேனாவை மூடினார். "அப்ப விடும். தகப்பன் இருக்கேக்க மீசை எடுக்கிறது சரியில்லை. ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

"கேக்க மாட்டோம்ணே," என்றான் பவித்ரனும். பிறகு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், "மீசை இருக்கட்டும், வார்த்தைதான் போச்சு," என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். கோகிலனும் சிரித்தார். ஆனால் தேநீரைக் குடிக்காமல் இறங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் துளசியிடம் நடந்ததைச் சொன்னார். அவர்களே விட்டுவிட்டார்களே, பிறகென்ன என்றார் துளசி. "நான் சொன்ன சொல்ல அவங்க எப்படி விடறது?" என்றார் கோகிலன். எடுத்தால் தகப்பனுக்கு ஆகாது. எடுக்காவிட்டால், முப்பத்து மூன்று வருடம் முறுக்கி வைத்ததை இனி எந்த முகத்தோடு முறுக்குவது? இருவரும் சமையலறையில் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். அப்படியும் கூடத்திலிருந்த அப்பாவுக்குக் கேட்டுவிட்டது.

"என்னடா, யாருக்கு என்ன ஆகாது?"

கோகிலன் போய் முன்னால் நின்றார். கதை, வெண்ணி, பந்தயம் எல்லாவற்றையும் சொன்னார். அப்பாவு தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பொண்ணு கடைசியில செத்துட்டாளா?"

"ஆமாப்பா."

"வேலைக்குப் போன எடத்துலயா?"

"ஆமா."

அப்பாவு தொலைக்காட்சியை அணைத்தார். பிறகு, "சரி, மீசைய எடு," என்றார்.

"மாமா!" என்றார் துளசி. "அபசகுனமாப் பேசாதீங்க."

"என்ன அபசகுனம்? நான் செத்தா அன்னிக்கு எடுப்பான். அத நானா பாக்கப் போறேன்? எனக்காக எடுக்கறத நான் பாக்க வேண்டாமா? எடுரா. வெளிச்சம் இருக்கறப்பவே எடு."

பின்கட்டுக் குழாயடியில் கண்ணாடியை மாட்டினார்கள். மணி 6.35. அப்பாவு நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி எதிரே உட்கார்ந்தார். துளசி உள்ளே போய்ச் சாமி விளக்கை ஏற்றிவிட்டு, அங்கே இருக்க முடியாமல் திரும்பி வந்து கதவோரம் நின்றார். கத்தரி, பிறகு சவரக் கத்தி. பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. மேலுதடு மற்ற முகத்தைவிட வெளுப்பாக இருந்தது.

கோகிலன் துண்டால் துடைத்துக்கொண்டு திரும்பினார். அப்பாவு அவரைப் பார்த்தபடியே இருந்தார்.

"என்னப்பா?"

"ஒங்கம்மா வாய்டா அது," என்றார் அப்பாவு. "இத்தன வருஷமா மூடியில்ல வச்சிருந்த."

மறுநாள் காலை பஸ் நிலையத்தில், டிக்கெட் முகப்பிலிருந்த பத்துமலை அவரைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கிவிட்டது.

"எப்பண்ணே? ஒரு வார்த்தை சொல்லலையே! எப்ப எடுத்தாங்க?"

"நேத்துச் சாயங்காலம்."

"இன்னிக்கே வேலைக்கு வந்துட்டீங்களே! அப்பா எப்படி..."

"அப்பா வீட்டுல ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு லா. மீசையத்தான் எடுத்தேன்."

பத்துமலை கையை உதறிக்கொண்டு போய்விட்டான். அன்று மாலைக்குள் இதே விளக்கத்தைக் கோகிலன் ஏழு பேருக்குச் சொன்னார். தாப்பாவில் ஏறிய ஒரு கிழவி மட்டும் நம்பாமல், சிலிம் ரிவரில் இறங்கும்வரை ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார்.

தவமணிக்கு ஒரு படம் அனுப்பினார். 'பதிந்தாயிற்று' என்று பதில் வந்தது.

மீசை பழைய அளவுக்கு வர நான்கு மாதமும் பதினொரு நாளும் பிடித்தன. அதுவரைக்கும் அப்பாவு, எப்போதும் தொலைக்காட்சியைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறவர், இரவுச் சாப்பாட்டுக்கு மகனுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.