அண்ணனின் கார்டுராய் காற்சட்டை

ஐயா, அம்மணி, வணக்கம். நடக்கையில் தொடையோடு தொடை உரசிச் "சரக், சரக்" என்று ஒலித்த ஒரு காற்சட்டையின் ஓசை இன்றும் என்னை இருக்கவிடாமல் செய்கிறது. வளைகுடாவிலிருந்து திரும்பிய கடையநல்லூர் நண்பர் என் அண்ணனுக்குக் கொடுத்த, உழுத வயல்போல் வரிவரியாய் மேடுபட்ட பழுப்புத் துணியில் தைத்தது அது. அவர் தங்கையான எனக்கு அப்போது பத்து வயது.

"ஏட்டி, கார்டுராய்னா ராசாவோட கயிறுன்னு அர்த்தம். பிரெஞ்சுக்காரன் வச்ச பேரு" என்றார் அண்ணன். விசைத்தறி ஓட்டிய எங்கள் தகப்பனாரோ, "ஏலே, எந்த ராசா கயித்த உடுத்துனான்?" என்று தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

அதை அணிந்தே அண்ணன் வாசுதேவநல்லூருக்குப் பெண் பார்க்கப் புறப்பட்டார். முன்பே இரண்டு வீடுகளில் அவரை வேண்டாமென்று சொல்லியிருந்தார்கள். இதுவும் தட்டிப்போனால் பம்பாய்க்குப் போய்விடுவேன் என்று அவர் சொல்லியிருந்ததால் அம்மா தவித்துக்கொண்டிருந்தார். பேருந்தில் சன்னல் வெயில் பட்டபோதுதான் காற்சட்டையின் ஒரு கால் கறுத்தும் மறுகால் வெளுத்தும் இருப்பதைக் கண்டோம். எங்களூர்ப் பருத்தித் துணிக்கு மேலென்றும் கீழென்றும் கிடையாது. ஆகவே தையற்காரர் துணியை மிச்சம்பிடிக்க ஒரு காலைத் தலைகீழாகப் போட்டு வெட்டியிருந்தார். கார்டுராயின் மென்மயிர் ஒரே பக்கமாகப் படிவதால், தலைகீழானால் நிறம் மாறித் தோன்றுமென்பதை எவரும் அறிந்திருக்கவில்லை.

பெண் வீட்டில் சம்மணமிட்டு, மடிமேல் துண்டை விரித்த அண்ணன், பலகாரம் தின்ற பிறகும் கை கழுவ எழவில்லை. அடுக்களையருகே நின்ற என் காதில் பெண்ணின் அத்தை பேசியது விழுந்தது: "மாப்ள எந்திரிக்கவே மாட்டேங்காரே, காலு ஏதும் ஊனமோ? நமக்கு வேண்டாம், சொல்லிருவோம்."

என்னால் பொறுக்க இயலவில்லை. "காலு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு! பேண்டுதான் ரெண்டு நெறம்!" என்று கத்திவிட்டேன்.

அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டு, முற்றத்து வெயிலில் அங்குமிங்கும் நடந்து காட்டினார். கதவுக்குப் பின்னிருந்து பெண் கேட்டாள்: "ஒரு காலு மட்டும் வெயில்ல காய்ஞ்சிட்டோ?" முதலில் சிரித்தவர் அண்ணன்தான். அடுத்த மாதமே அந்தப் பெண் எங்கள் மதினியானார்.

எட்டாம் வகுப்போடு நின்ற நான் பிற்காலத்தில் நூலகத்து அகராதிகளில் அச்சொல்லைத் தேடினேன். "கார்டு" என்பது கயிறுபோன்ற வரி. "டுராய்" என்பது இங்கிலாந்தில் முன்பு வழங்கிய முரட்டுக் கம்பளித் துணியின் பெயராக இருக்கலாம் என்கிறார்கள். ராசா கதை பிறகு ஒட்டவைத்தது. பிரெஞ்சு மொழியில் அப்படியொரு துணிப்பெயர் வழங்கியதே இல்லையாம். அண்ணனிடம் சொல்ல நாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். சென்ற ஆண்டு அவர் காலமானார். காற்சட்டையும் இல்லை, தையற்கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள்.

மதினியிடம் சொன்னேன். "முரட்டுத் துணியா? அப்ப அவுகளுக்குப் பொருத்தம்தான்" என்று சிரித்தவர், எழுந்து உள்ளே போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

இந்தக் கதையையாவது தாங்கள் பத்திரமாக வைத்திருக்குமாறு வேண்டுகிறேன்.